ஊசிகளுக்கு வீடு வைத்தவர்

அவர் பெயர் எனக்குத் தெரியாது. சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். "அத்தன வருஷம் ஒருத்தர்கிட்ட வேல பாத்திருக்க, பேரு தெரியாதாம்மா?" என்கிறாள். தெரியாதுடி, அதுக்கென்ன இப்போ? தாராவியில் எங்கள் வீட்டு வரிசையில் பாய்களுக்குப் பஞ்சமில்லை. தோல் கிடங்கு பாய், டீக்கடை பாய், பேரீச்சம்பழ பாய். இவர் கரடி பாய். தபால்காரன்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருவான். பெயரைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆள் என்னவோ கரடிக்கு நேர் எதிர். ஒடிசலாக, வெள்ளை பனியனும் கட்டம் போட்ட கைலியுமாக, காதுக்கு மேல் மட்டும் கொஞ்சம் முடியுமாக இருப்பார். மேலப்பாளையத்துக்காரர். குடும்பம் ஊரில், இவர் இங்கே. ஒரே ஒரு கோலி வாடகைக்கு எடுத்துக் கரடி பொம்மை செய்துகொண்டிருந்தார். பம்பாயில் அறையைக் கோலி என்பார்கள்; அதில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் காலை மடக்கி உட்கார்ந்து தைப்போம். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். ஒருத்தியும் கரடியைக் கண்ணால் பார்த்ததில்லை. பேச்சியம்மை முதன்முதலில் தைத்த கரடி அப்படியே அவள் மாமனார். "இவர எவளா வெல குடுத்து வாங்குவா?" என்று அவளே கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பாய் அதை விற்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. வாசல் பக்கம் ஆணியில் மாட்டிவிட்டார். வேலைக்கு வரும்போதெல்லாம் பேச்சி அதற்கு மரியாதையாகத் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

கரடி நன்றாகத்தான் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாய்க்கு நினைப்பெல்லாம் கரடி மேல் இல்லை. ஊசி மேல்தான்.

கோலிக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு பலகை. பழைய கம்பளியை நாலாக மடித்து அதன்மேல் ஆணி அடித்திருப்பார். அதுதான் ஊசிகளின் வீடு. மெல்லிசு ஊசிகள் மேல் வரிசையில். அவற்றுக்குப் 'புள்ளைய' என்று பெயர், பிள்ளைகள் என்று அர்த்தம். வயிற்றைத் திணித்து மூடுகிற வளைந்த ஊசி 'கூனி'. கரடிக்குக் கண் வைக்க, ஒரு கண்ணில் குத்தித் தலையின் பின்பக்கம் வரை நூல் வாங்க, உள்ளங்கையைவிட நீளமாக ஒரே ஒரு ஊசி இருந்தது. அவள் 'பெரியவ'. ஒவ்வொருத்தி இடத்துக்கு மேலேயும் ஒரு நிறத்தில் நூல் முடிச்சு. அதே நிறத்தில் ஊசிக் காதிலும் ஒரு வால் தொங்கவேண்டும். வால் இல்லாமல் ஊசியைக் கீழே வைத்தோமோ, தொலைந்தோம். "மொட்ட ஊசி விழுந்தா கண்ணுக்குத் தெரியுமா தாயி? செவப்பு வால் இருந்தா 'இங்கன கெடக்கேன்'னு சொல்லும்லா" என்பார்.

பலகைக்குக் கீழே கான்வாஸ் துணியில் பை பையாகத் தைத்து மற்ற சாமான்கள். பஞ்சு திணிக்கிற குச்சிகள், குறடு, குத்தூசி, தையலில் மாட்டிக்கொண்ட ரோமத்தை எடுத்துவிடுகிற கம்பி பிரஷ். ஒவ்வொரு பை மேலும் நீலப் பென்சிலால் அந்தச் சாமானின் படம். கத்தரியை எடுத்தால் கத்தரியின் படம் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவளும் அதைப் பார்த்து எது எங்கே என்று தெரிந்துகொள்ளலாம்.

வேலை முடிகிற நேரம் அவர் பலகை முன்னால் போய் நிற்பார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"எல்லாரும் வீடு சேந்தாச்சா?"

அவர் கேட்பது எங்களை அல்ல. நாங்கள்தான் பதில் சொல்லவேண்டும். "புள்ளைய சேந்துட்டு பாய்." "கூனி சேந்துட்டா." "பெரியவ சேந்துட்டா." அப்புறம்தான் எங்களை வீட்டுக்கு விடுவார். புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். வீட்டில் உலை வைக்கவேண்டும், பிள்ளை அழும், இவர் ஊசிக்கு ஆஜர் எடுக்கிறாரே என்று வாய்க்குள்ளேயே திட்டுவேன். பேச்சி வாய்க்கு வெளியிலேயே திட்டுவாள். அவருக்குக் காதில் விழும், அசையமாட்டார்.

எங்களுக்கு வேறு சில பழக்கங்கள் உண்டு. ஊசியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, கொடுத்தால் சண்டை வரும். தரையில் வைத்து மற்றவள் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். தரையில் வைத்தால் பாய்க்கு உயிர் போய்விடும். கடைசியில் ஒருத்தி பலகையில் குத்த, இன்னொருத்தி பலகையிலிருந்து எடுத்துக்கொள்வது என்று ஆயிற்று. எங்கள் சாமியும் கோபிக்கவில்லை, அவரும் கோபிக்கவில்லை. ஆனால் ஊசியைத் தலைமுடியில் தேய்க்கிற பழக்கத்துக்கு மட்டும் அவர் இடம் கொடுக்கவே இல்லை. எண்ணெய்த் தலையில் இரண்டு இழுப்பு இழுத்தால் ஊசி வழுக்கிக்கொண்டு போகும், எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஒருநாள் நான் அப்படி இழுக்கும்போது பார்த்துவிட்டார்.

"அரே தாயி! கரடிக்கு என்ன எண்ண தேய்ச்சுக் குளிப்பாட்டுதியா? வெள்ளத் துணிம்மா அது!"

அடுத்த நாள் ஆளுக்கு ஒரு சோப்புத் துண்டு. ஊசியை அதில் குத்தி எடுக்கச் சொன்னார். சொல்லக்கூடாது, ஊசி இன்னும் நன்றாகவே போயிற்று. நான் அதை அவரிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

மழைக்காலத்தில் அவர் படுகிற பாடு தனி. பம்பாய் மழையில் மனுஷனுக்கே துரு பிடிக்கும். அரிசியை வெறும் சட்டியில் வறுத்து, ஆறவைத்து, டப்பாவில் போட்டு, அதற்குள் உபரி ஊசிகளைப் படுக்கவைப்பார். ஈரத்தை அரிசி குடித்துவிடுமாம். பழைய அரிசியைப் புறாவுக்குப் போடலாமே என்றால் போடமாட்டார். ஊசி கிடந்த அரிசி, ஒரு உடைந்த முனை இருந்து புறா தொண்டையில் சிக்கினால்? சாக்கடை ஓரமாகக் குழி தோண்டிப் புதைப்பார். அக்கம்பக்கத்துக்காரர்கள் அவருக்கு ஒரு மாதிரி என்று பேசிக்கொண்டார்கள். நானும்தான் பேசினேன்.

எங்கள் வீடுகளுக்கு நல்லது கெட்டதுக்கு வந்தாலும் கண் சுவரில்தான் மேயும். நாள்காட்டி அட்டையில் ஊசி செருகாத வீடு உண்டா? ஊசியைப் பார்த்துவிட்டால் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார், குடிக்கமாட்டார். "அதக் கொஞ்சம் டப்பால போட்ரு தாயி." போட்ட பிறகு ஒரே மடக்கில் குடிப்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "என்ன பாய், ஊசிக்கு இந்தப் பாடு? வாங்குறவங்க ஊசியவா பாக்காங்க? கரடியத்தான பாக்காங்க?"

அவர் குறட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பாக்கது வாங்குறவங்க தாயி. கடிக்கது புள்ளைங்க."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கேயாவது, எப்போதாவது, ஏதாவது நடந்திருக்குமோ என்று பேச்சி கிண்டிப் பார்த்தாள். அவர் எழுந்து டீ சொல்லப் போய்விட்டார்.

இனி ஒரு மழை நாளைச் சொல்கிறேன். ஆடி மாதம். மறுநாள் என் மகளுக்கு ஒரு வயது நிறைகிறது. பாய் காலையிலேயே பழுப்பு நிறத்தில் ஒரு கரடியை என் மடியில் வைத்தார். உடம்பு, கை, கால் எல்லாம் முடிந்துவிட்டது, கண்தான் இல்லை.

"உம் புள்ளைக்குத்தான் தாயி. கண்ண நீயே வையி."

 நான் அவரைத் திட்டின திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது. பெரியவளை எடுத்து, இரண்டு கண்ணும் வைத்து, கொஞ்சம் மாறுகண்ணாக, பின்னந்தலையில் முடிச்சுப் போட்டேன். பாய் மத்தியானத் தொழுகைக்குப் போனார். பேச்சி, "வீட்டுக்குள்ள தண்ணி அடிக்கி, என்னன்னு பாத்துட்டு வந்திருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. சாயங்காலம் ஆகுமுன்னே இருட்டிவிட்டது. பாய் திரும்பி வந்து அரிக்கேன் விளக்கைக் கொளுத்தினார். சந்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "சலோ, சலோ, புள்ளகுட்டிய பாருங்க போங்க" என்று எல்லாரையும் விரட்டினார். அன்றைக்கு மட்டும் 'எல்லாரும் வீடு சேந்தாச்சா' கேட்கவில்லை. நான் கரடியை முந்தானைக்குள் பொதிந்துகொண்டு ஓடினேன்.

என் மகளுக்கு அப்போது பல் முளைக்கிற நேரம். கரடியைப் பார்த்ததும் அதன் காதை வாயில் போட்டுக்கொண்டாள். அப்படியே சப்பிச் சப்பித் தூங்கிப்போனாள். நான் விளக்கு ஏற்றிவிட்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். அவள் அப்பா தோல் கிடங்கிலிருந்து இன்னும் வரவில்லை.

வாசலில் சளப் சளப்பென்று தண்ணீரில் யாரோ வருகிற சத்தம். பாய். கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டி, தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மூச்சு வாங்க நிற்கிறார்.

"தாயி, அந்தக் கரடி எங்கன?"

"புள்ள வச்சிருக்கா பாய். ஏன்?"

"குடு. அதக் குடு மொதல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "குடுத்தத திருப்பி வாங்கிட்டுப் போவவா இந்த மழையில வந்தீய? நாளைக்கு அவ பொறந்தநாளு பாய்!"

"பெரியவ வீடு சேரல தாயி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மெதுவாகக் கேட்டார். "கடைசியா அவளத் தொட்டது யாரு?"

"நாந்தான். கண்ணு வச்சேன்."

"வச்சிட்டு? பலகையில குத்துனியா?"

"குத்துனேனே" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். குத்தினேனா? முடிச்சுப் போட்டேன், நூலை வெட்டினேன், கரடியைத் தூக்கிப் பிடித்து அழகு பார்த்தேன். அதற்குப் பிறகு? நூறு தடவை எழுந்து பலகைக்குப் போனவள்தான், அந்த ஒரு தடவை மட்டும் நினைவே வரமாட்டேன் என்றது. கண்ணுக்கு நூல் வாங்கும்போது ஊசி பஞ்சுக்குள் முழுகிப்போவது உண்டு. அதற்குத்தானே அந்த வாலும் பலகையும். நான் பாய்மேல் கத்தினதை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையிடம் பாய்ந்தேன். அவள் வாயில் கரடியின் காது. இழுத்தேன், விடவில்லை. வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினேன். ரத்தம் இல்லை. அவள் வீறிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

பாயின் சட்டைப்பையில் லாடக் காந்தம் ஒன்று இருந்தது. கோலியில் தரையைத் தடவ அவர் வைத்திருப்பது. கரடி மேல் வைத்தார், பச்சக் என்று ஒட்டியது. நான் ஐயோ என்று கத்தினேன். "பொறு தாயி. மூட்டுல இரும்பு ஆணி இருக்கு. எங்க வச்சாலும் ஒட்டத்தான் செய்யும்." அமுக்கிப் பார்க்கவும் பயம், முனை எந்தப் பக்கம் இருக்கிறதோ. "சொளகு இருக்கா?"

அரிசி புடைக்கிற சுளகை எடுத்துப் போட்டேன். விளக்கைப் பக்கத்தில் நகர்த்தினேன். சவர பிளேடால் முதுகுத் தையலைப் பிரித்தார். பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொரு துணுக்கையும் விரலால் பிய்த்து, சுளகில் பரப்பினார்.   வயிறு காலியாயிற்று. தலை பாக்கி. பிள்ளை என் இடுப்பில் உட்கார்ந்து கரடியைக் காட்டிக் காட்டி அழுகிறாள். அவள் அழுகைக்கு வரிசையே வாசலில் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசி வீட்டுப் பேச்சியும் வந்தாள்.

"என்னக்கா? ஏன் கரடி கொடல உருவுதாரு?"

"பெரியவளக் காணும்டி. இதுக்குள்ள கெடக்கோ என்னவோ. புள்ள அதக் கடிச்சுட்டுல்லா தூங்குனா..."

பேச்சி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாய், தேடாதீய. அது... எங்க வீட்ல இருக்கு."

பாய் பஞ்சும் கையுமாக அப்படியே நிமிர்ந்தார்.

அவள் வீட்டு வாசல் சாக்குப் படுதா கிழிந்து மழை உள்ளே அடித்திருக்கிறது. சாக்குத் தைக்கப் பெரிய ஊசி வேண்டும். பாய் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, பலகையிலிருந்து பெரியவளை உருவிக்கொண்டு போயிருக்கிறாள். பலகையிலிருந்து! அப்படியானால் நான் குத்தித்தான் இருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையில் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதேன், சிரித்தேன், எதுவென்று எனக்கே தெரியவில்லை.

"எடுத்துட்டுப் போனவ கொண்டாந்து வைக்கதுக்கு என்னளா?" என்று அழுகையோடு கத்தினேன்.

"வந்தேங்கா! வந்தேன். வாசப்படி வரைக்கும் வந்தேன். பாய் வெளக்கு கொளுத்திட்டாரு. வெளக்கு வச்ச பெறவு ஊசிய எப்பிடிக்கா குடுக்க?"

கூடியிருந்த பெண்கள் எல்லாரும் "அதான" என்றார்கள்.  எங்கள் பக்கத்தில் விளக்கு வைத்த பிறகு ஊசியும் உப்பும் கைமாறாது. கேட்டாலும் கொடுக்கமாட்டோம். கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள். வழக்கமாக வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடிந்துவிடும், அதனால் பாயின் கோலியில் இந்தப் பேச்சே வந்ததில்லை. இருட்டினதும் மழையால், விளக்கு வந்ததும் மழையால். பேச்சி விடிந்ததும் முதல் வேலையாகக் கொண்டுவந்து குத்திவிடலாம் என்று ஊசியோடு திரும்பிவிட்டாள்.

"இப்பவும் வெளக்கு வச்சிருக்கே பாய்" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. "நீங்க கேட்டா நான் எப்பிடி இல்லன்னு சொல்ல? ஆனா எம் மாமியாருக்குத் தெரிஞ்சா..."

பாய் கையிலிருந்த பஞ்சைச் சுளகில் வைத்தார். எழுந்தார். நான் பயந்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் அவள் முடியைப் பிடித்திருப்பேன்.

"குடுக்க வேண்டாம் தாயி. கண்ணுல மட்டும் காட்டு. பாத்துட்டுப் போயிடுதேன்."

நாங்கள் எல்லாரும் தண்ணீரில் சளசளவென்று பேச்சி வீட்டுக்குப் போனோம். அவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். புதிதாகத் தைத்த சாக்கு அவர் தலைக்கு மேல் தொங்கியது. தையல் நன்றாகவே இருந்தது. பேச்சி உள்ளே போய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விளக்கை மேலே பிடித்தாள். மூடியைத் திறந்தாள்.

உப்புப் பானை. கல்லுப்பில் பாதி புதைந்து, சிவப்பு வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள் பெரியவள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மழை நீரா கண்ணீரா தெரியாது, தாடையில் சொட்டியது. பிறகு கண்ணைத் திறந்து மறுபடி பானைக்குள் பார்த்தார். முகம் கோணிப்போயிற்று.

"யா அல்லா! உப்புலயா வச்ச?"

வறுத்த அரிசியில் ஊசியைத் தூங்கவைக்கிற மனுஷன் வேறு என்ன சொல்வார்? முதலில் நான்தான் சிரித்தேன். அப்புறம் பேச்சி. அப்புறம் வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார், பல் தெரிய அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்னிக்கி ராத்திரி ஒங்க வீட்லயே தங்கட்டும். விருந்தாளின்னு வச்சிக்க. ஆனா அரிசிப் பானைக்கு மாத்திரு தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

பேச்சி தன் கையாலேயே எடுத்து, முந்தானையில் துடைத்து, தன் அரிசியிலேயே வைத்தாள். யார் வீட்டு லட்சுமியும் எங்கேயும் போகவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்றிரவு என் மகள் பஞ்சில்லாத கரடித் தோலைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். காதுதான் அவளுக்கு முக்கியம், வயிறு இல்லை. பக்கத்தில் படுத்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்கக் கேட்க அலுக்கவில்லை. காலையில் பேச்சி பெரியவளைக் கொண்டுவந்து பலகையில் குத்தினாள். பாய் கரடியை மறுபடி திணித்துத் தைத்துக் கொடுத்தார். ஒரு வசவு இல்லை, ஒரு புத்திமதி இல்லை.

ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டார். இருட்டுகிற நாட்களில், கேள்வியை முதலில் கேட்பார், விளக்கை அப்புறம் கொளுத்துவார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் இன்னொரு நாளும் அப்படி இருட்டியது. கோலிக்குள் ஆள் முகம் ஆளுக்குத் தெரியவில்லை. பாய் ஒரு கையில் தீப்பெட்டியும் மறு கையில் குச்சியுமாகப் பலகை முன்னால் நின்றார்.

"எல்லாரும் வீடு சேந்தாச்சா?"

புள்ளைய சேர்ந்தாச்சு. கூனி சேர்ந்தாச்சு. பெரியவளைப் பற்றிச் சத்தமே இல்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. நாங்களும் உலையை மறந்து இருட்டுக்குள் காத்திருந்தோம். யாரோ எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போவது கேட்டது. வளையல் சத்தம். அப்புறம் பேச்சியின் குரல்.

"சேந்துட்டா பாய். இப்ப ஏத்துங்க."

அவர் குச்சியை உரசினார்.